சுருக்கக்காவும் பதினாறு வீட்டுப் போர்வையும்

சுருக்கக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளச் சீட்டில் வரும். மற்றபடி அந்தப் பெயருக்கு வேலையே இல்லை. கணவர் "சுருக்கு" என்று கூப்பிடுவார். கட்டடத்தில் மற்ற எல்லோருக்கும் அவர் சுருக்கக்கா.

துணி ஆலையின் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக அக்காவுக்கு ஒரே வேலைதான். எந்தத் துணி எவ்வளவு சுருங்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். வருகிற ஒவ்வொரு துணிச் சுருளிலிருந்தும் சதுரமாக ஒரு துண்டு வெட்டுவார். அழியாத மையால் புள்ளி வைப்பார். இயந்திரத்தில் துவைத்து, உலர்த்தி, நான்கு மணி நேரம் மேஜைமேல் சும்மா போட்டுவைத்து, பிறகு புள்ளிக்குப் புள்ளி அளப்பார். "நீளம் மூன்று சதவீதம், அகலம் ஒன்றரை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதோடு தீர்ந்தது. முதலாளியே படியேறி வந்து, "ரெண்டேமுக்கால்னு போடக் கூடாதாம்மா?" என்று கெஞ்சினாலும் மூன்று மூன்றுதான்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஆலையின் சரக்கு லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனபோது பழுதுபார்க்க வந்தவர். லிஃப்ட் கூண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டிய அவரிடம் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "இந்தச் சட்டையை இன்னும் துவைக்கல, இல்ல?" என்பதுதான்.

"இல்ல, புதுசு. ஏன்?"

"துவைச்சா கை ரெண்டு இன்ச் மேல ஏறிடும்."

மனிதர் வீட்டுக்குப் போய்த் துவைத்துப் பார்த்தார். சரியாக இரண்டு இன்ச். அடுத்த வாரம், பழுது எதுவும் இல்லாத லிஃப்டைப் பார்க்கிற சாக்கில் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, கையை நீட்டிக் காட்டினார். நான்கு மாதத்தில் கல்யாணம். தனக்கு நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லக்கூடிய ஒருத்தி வீட்டில் இருப்பது நல்லது என்று தோன்றியதாக அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவர்களுடைய வீடு இரண்டாம் மாடியில். கணவன், மனைவி, கணவரின் தங்கை என்று மூன்று பேர். அந்தத் தங்கை நீதிமன்றத்தில் தட்டச்சர். யார் எதைப் பேசினாலும் வார்த்தை சிந்தாமல் எழுதிவிடுவாள். குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்பேடும் அவள் கையில்தான். நான் முதல் மாடி. மொத்தம் பதினாறு வீடுகள், லிஃப்ட் கிடையாது.

எல்லாம் கீழ்த்தளத்து ஹாலின் சுவரில்தான் ஆரம்பித்தது. அங்கே ஓர் ஈரத்திட்டு. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் பத்தே நாளில் திரும்ப வந்து நிற்கும். எங்கள் செயலாளர் ரயில் நிலையத்தில் முப்பது வருடம் அறிவிப்புச் செய்து ஓய்வு பெற்றவர். "உப்பு இருக்கா?" என்று கேட்டால்கூட மூன்றாவது நடைமேடைவரை கேட்கும். அவர் எங்கள் கட்டடத்திலேயே குடியிருந்து வைத்தியம் பார்க்கிற பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து ஏதோ பத்திரிகையைப் புரட்டியபோது, எங்கேயோ ஒரு குடியிருப்பில் எல்லா வீட்டுத் துணியையும் சேர்த்து ஓர் ஒட்டுப் போர்வை தைத்து மாட்டியிருக்கிற படத்தைப் பார்த்துவிட்டார். ஈரத்திட்டும் மறையும், ஒற்றுமையும் வளரும், ஒரே செலவு. அடுத்த ஞாயிறே பொதுக்குழுவைக் கூட்டிவிட்டார்.

"உறுப்பினர்கள் கவனிக்கவும். வீட்டுக்கு ஒரு துண்டு. ஐம்பது சென்டிமீட்டருக்கு ஐம்பது. தைக்கும் பொறுப்பு, துணியைப் பற்றித் தெரிந்த நமது சுருக்கக்காவுக்கு."

அக்கா எழுந்தார். "தைக்கிறேன். ஆனா எல்லாத் துணியையும் முதல்ல வெந்நீர்ல துவைச்சுக் காயவெச்சுட்டுத்தான் வெட்டணும். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி சுருங்கும்."

மூன்றாம் மாடியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற அம்மா ஒருத்தர் இருக்கிறார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்தே யாரையும் நம்பாத பழக்கம் வந்துவிட்டது. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எங்க வீட்டுத் துணி அழுக்குன்னு சொல்றீங்களா?"

"அழுக்குன்னு சொல்லலை. சுருங்கும்னு சொல்றேன்."

"என்னுது மழைக்கோட்டுத் துணி. மழையே வந்து துவைக்குது. நீங்க எதுக்கு?"

செயலாளர் கையை உயர்த்தினார். "அம்மா, சுவர்ல மாட்டப்போறோம். யாரும் போத்திக்கப் போறதில்ல. அப்புறம் ஏன் துவைக்கணும்?"

அக்கா அதற்குமேல் வாதாடவில்லை. எழுத்தில் கொடுத்தார். ஆலைப் படிவத்திலேயே, 'துவைக்காமல் தைத்தால் விளைவுக்குச் சோதனைக்கூடம் பொறுப்பல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். செயலாளர் அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜையின் காலுக்கு முட்டுக்கொடுத்தார்.

துணிகள் வந்து சேர்ந்தன. பல் டாக்டர் வெளிநாட்டில் படித்தபோது வாங்கிய கம்பளிக் கோட்டின் முதுகை வெட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "ஒரிஜினல் ஆட்டு ரோமம்" என்று மூன்று தடவை சொன்னார். தரைத்தளத்து சர்வேயர் பழைய ஜீன்ஸ். எதிர்வீட்டில் குளியல் துவாலை. மூன்றாம் மாடி இரட்டையர் சோபாவிலிருந்து உரித்த ரெக்ஸின். ஒருவர் குடைத்துணி, ஒருவர் பட்டுக் கழுத்துத்துணி, ஒருவர் வெல்வெட் திரைச்சீலை. நாங்கள் கொசுவலை. இரண்டாம் மாடிக் கடைசி வீட்டுப் பிரம்மச்சாரி சட்டையின் பையோடு சேர்த்து வெட்டிக் கொடுத்துவிட்டார். பைக்குள் பேருந்துச் சீட்டு ஒன்று இருந்தது. அக்கா அதை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

அக்கா தன் வீட்டுப் பங்காக வைத்தது ஒரு வெள்ளைப் பருத்தித் துணி. சோதனைக்கூடத்தில் இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நூறு தடவைக்கும் மேல் துவைத்துத் துவைத்துக் கழித்துப்போட்டது.

மூன்று வாரத்தில் தைத்து முடித்தார். நடுவில் பஞ்சு, பின்னால் காடாத் துணி. கேட்டதற்கு மேலாகவே அழகாக வந்திருந்தது. சுவரில் மாட்டினோம், கைதட்டினோம், போட்டோ எடுத்தோம்.

ஆறு வாரத்தில் நாற ஆரம்பித்தது. சுவரின் ஈரம் மொத்தமும் பஞ்சில் இறங்கியிருந்தது. வாசலில் நுழைந்ததுமே நனைந்த நாயைத் தலையணைக்கு அடியில் வைத்தது போன்ற ஒரு வாடை. அக்காவைக் கேட்டால் துவைக்கக் கூடாது என்பார் என்று செயலாளருக்கு நன்றாகத் தெரியும். அதனால் அக்கா வேலைக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்து, விடுதிகளுக்குப் படுக்கை விரிப்புத் துவைக்கிற பெரிய சலவை நிலையத்துக்கு அனுப்பிவிட்டார். "கொதிக்கக் கொதிக்கத் துவைங்க" என்று கூடுதலாக ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டாராம்.

வியாழக்கிழமை சாயங்காலம் சலவை வண்டி வந்தது. நான் அப்போது ஹாலில்தான் இருந்தேன். இரண்டு ஆட்கள் ஒரு மூட்டையைத் தோளும் தொடையுமாகத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கீழே வைத்தார்கள். அது உட்கார்ந்தது.

வேறு எப்படியும் சொல்ல முடியவில்லை. கம்பளி சுருங்கி மூடிய கை மாதிரி இறுகி, பக்கத்துத் துணிகளையெல்லாம் கொத்தாக இழுத்துப் பிடித்திருந்தது. ஜீன்ஸ் மடங்கி இரண்டு முழங்கால். ரெக்ஸின் விறைத்து முதுகு. மழைக்கோட்டுத் துணி சுருங்க வழி தெரியாமல் வெளியே உப்பி, குனிந்த ஒரு நீலத் தலையாகிவிட்டது. இடுப்பளவு உயரத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு யோசனையில் ஆழ்ந்த ஒரு வயதான மனிதர். நெஞ்சில் மட்டும் ஒரு சதுரம் தட்டையாக, கண்ணாடி மாதிரி நிமிர்ந்து நின்றது. அக்காவின் வெள்ளைத் துணி.

"இது என்னது?" என்றேன்.

சலவை ஆள் சீட்டைப் பார்த்தார். "போர்வைன்னு போட்டிருக்கு. கையெழுத்துப் போடுங்க."

அக்கா வேலை முடிந்து வந்தார். செருப்பைக் கழற்றாமல், பையைத் தோளிலிருந்து இறக்காமல், அதைச் சுற்றி ஒருமுறை வந்தார். "கம்பளி முப்பத்தெட்டு சதவீதம்" என்றார். அவ்வளவுதான். படியேறிப் போய்விட்டார். சொன்னேனா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சுவரில் மாட்ட முடியாது, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. ஹாலிலேயே உட்கார்ந்திருந்தது. முதல் இரண்டு நாள் எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் தபால்காரர், "பெரியவரே, செயலாளர் இருக்காரா?" என்று அதனிடம் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவர் பெரியவர். தரை துடைக்கிற அம்மா, "கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்பார். பிறகு தானே தூக்கித் துடைப்பார். பல் டாக்டரிடம் வருகிறவர்கள், தங்கள் முறை வரும்வரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிரம்மச்சாரியின் சட்டைப்பை அவருக்கு இடது விலாவில் அமைந்திருந்தது. அதற்குள் யார் யாரோ புகார்க் கடிதம் போட ஆரம்பித்தார்கள். ஹாலில் சத்தம் போட்டுப் பேசுவதும் தானாகக் குறைந்தது. ஒரு பெரிய மனிதர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும்போது எப்படிக் கத்துவது?

சண்டையை ஆரம்பித்தவர் பல் டாக்டர். தான் கொடுத்த அரை மீட்டர் அசல் ஆட்டு ரோமம் ஒரு கைக்குட்டையாகிக் கிடக்க, கார் அம்மாவின் மழைக்கோட்டு தலையாகவே ஆகிவிட்டது அவருக்குப் பொறுக்கவில்லை.

"உங்க துணி என் எல்லைக்குள்ள வந்திருக்கு."

"உங்க துணிதான் உள்ள போயிருக்கு. அதுக்கு நான் என்ன பண்ண?"

"வந்ததா போனதான்னு அளந்துடலாம்."

சர்வேயருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சங்கிலி, நாடா, முக்காலி சகிதம் இறங்கிவிட்டார். நான்கு நாள் அளந்தார். ஐந்தாம் நாள் பதினோரு பக்கத்தில் அறிக்கை. 'வடக்கில் மேற்படி துவாலைக்கும், தெற்கில் ரெக்ஸினுக்கும், கிழக்கில் வெல்வெட்டுக்கும், மேற்கில் மேற்படி மழைக்கோட்டின் வீக்கத்துக்கும் உட்பட்ட கம்பளி' என்று ஆரம்பித்து ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் நாலெல்லை குறித்திருந்தார். எங்கள் கொசுவலை 'எல்லை தெளிவில்லை' என்ற பத்தியில் வந்திருந்தது. சராசரிச் சுருக்கம் பதினொரு சதவீதம். இரண்டாம் மாடி, சுருக்கக்கா வீட்டுப் பருத்தி: நீளம் ஐம்பது, அகலம் ஐம்பது, சுருக்கம் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தைப் படித்ததும் எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம்.

கார் அம்மா மெதுவாக எழுந்தார். "என் துணி பிளாஸ்டிக். அதுக்கு ஒண்ணும் தெரியாது. இது பருத்தி. பருத்தி சுருங்கும்னு எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவங்களோட பருத்தி மட்டும் ஏன் சுருங்கலை?"

"நான் அதை முதல்லயே துவைச்சேன்" என்றார் அக்கா.

"பார்த்தீங்களா? ஒத்துக்கிட்டாங்க!"

"உங்க எல்லாரையும்தான் துவைக்கச் சொன்னேன்."

"சொன்னீங்க. நாங்க கேக்கலை. நாங்க கேக்காதப்போ நீங்க மட்டும் துவைச்சது என்ன நியாயம்?"

இந்த இடத்தில் பல் டாக்டரும் கார் அம்மாவும் முதன்முறையாக ஒரே பக்கம் சேர்ந்தார்கள். அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். அவருடைய நாத்தனார் குறிப்பேட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் நிறுத்திப் பேசுங்க. 'ஒத்துக்கிட்டாங்க'ங்கறது வரைக்கும்தான் எழுதியிருக்கேன்."

"அதை ஏன்டி எழுதற?"

"பேசினதை எழுதித்தானே ஆகணும்? 'அதை ஏன்டி எழுதற'ன்னு கேட்டதையும் எழுதிட்டேன்."

தீர்மானம் நிறைவேறியது. 'அனைவரும் சுருங்கியிருக்க ஒருவர் மட்டும் சுருங்காமல் இருப்பது சங்கத்தின் நோக்கத்துக்கு விரோதம். மேற்படி பருத்தி ஒரு மாதத்துக்குள் பதினொரு சதவீதம் சுருங்க வேண்டியது.' பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று என்னுடையது. ஏன் தூக்கினேன் என்று இப்போதுவரை யோசிக்கிறேன். பக்கத்தில் இருந்தவர் தூக்கினார், நானும் தூக்கினேன். அக்காவின் கணவர் தூக்கவில்லை. "நான் வெளியூர் லிஃப்ட் ஒண்ணைப் பத்தி யோசிச்சிட்டு இருந்தேன்" என்று பிறகு சமாளித்தார். அவருக்குச் சண்டை பிடிக்காது.

அக்கா தீர்மானத்தை மதித்தார். அவருடைய சுபாவம் அப்படி. வெள்ளைச் சதுரத்தைப் பெரியவரின் நெஞ்சிலிருந்து பிரித்தெடுத்து, ஆலைக்குக் கொண்டுபோய்த் துவைத்தார். வெந்நீரில் போட்டார், கொதிநீரில் போட்டார், அதிகச் சூட்டில் உலர்த்தினார். அசையவில்லை. நாற்பது தடவை துவைத்தும் ஐம்பதுக்கு ஐம்பதுதான். சுருங்க வேண்டியதையெல்லாம் சுருங்கி முடித்த துணி அது. 'முயற்சி செய்யப்பட்டது. இத்துணியில் இனிச் சுருக்கம் இல்லை' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார்.

செயலாளர் படித்துவிட்டு, "இது சரியா வராதும்மா. வேற ரிப்போர்ட் எழுதிக் கொண்டாங்க" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் அக்காவின் அறிக்கையை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை. அன்று சாயங்காலம் அவர் படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். காகிதம் மடியில் இருந்தது. கண் கலங்கியிருந்ததா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் கணவர் ஒரு படி கீழே உட்கார்ந்து, தன் சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நான் பொய்யா ஒரு பதினொண்ணு போட்டா என்ன ஆயிடும்?"

"எனக்குத் தெரியலை சுருக்கு. நீ போட்டுப் பார்த்ததில்லையே."

"போட மாட்டேன்."

"அப்ப போடாதே."

மறுநாள் சனிக்கிழமை. அக்கா முதன்முறையாக ஆலைக்கு விடுப்புச் சொன்னார். காலையில் எல்லோரும் கடைக்கும் வேலைக்கும் கிளம்பிய பிறகு, தையல் பிரிக்கிற சின்னக் கத்தியோடு ஹாலுக்கு வந்து பெரியவரின் எதிரில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார். மதியத்துக்குள் பெரியவர் முழுசாக ஒரு துணிக்குவியல். அந்த இரண்டு நாளும் ஹாலில் அவரைக் காணாதவர்கள், மறுபடி சலவைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் மறுபடி கொதிநீரில் போட்டு, சுருங்க வேண்டியது மிச்சமில்லாமல் சுருங்கவைத்தார். காய்ந்ததும் தேய்த்து, எல்லாவற்றையும் கம்பளி அளவுக்கே வெட்டினார். தன்னுடைய வெள்ளையையும் சேர்த்துத்தான். ஞாயிறு முழுக்கத் தைத்து, திங்கள் காலையில் சுவரில் மாட்டினார். தட்டையான, நேரான, ஒரு சுருக்கம்கூட இல்லாத சின்னப் போர்வை. எல்லோருக்கும் முப்பது முப்பது. சண்டைக்கே இடமில்லை.

முதலில் இறங்கி வந்தவர் கார் அம்மா. போர்வையை அவர் பார்க்கவே இல்லை. ஹாலின் நடுவில் வெறும் தரையைப் பார்த்தார்.

"பெரியவர் எங்க?"

"இதோ" என்று அக்கா சுவரைக் காட்டினார்.

கார் அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பதினாறு வீடும் ஹாலில். தரை துடைக்கிற அம்மா வாளியை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். தபால்காரர் தொப்பியைக் கழற்றினார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் பல் டாக்டர். அதை அவர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அளக்கச் சொன்னவரே அவர்தானே. சர்வேயர் தன் பதினோரு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இனி இது எந்த ஊரில் செல்லும் என்பது போல நின்றார்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க சமமா கேட்டீங்க. சமமா குடுத்திருக்கேன்."

"சமமா இருக்கட்டும்மா" என்றார் செயலாளர். அவருடைய குரல் அன்றைக்குத்தான் முதன்முறையாக மூன்றாவது நடைமேடைக்குக் கேட்காமல் இருந்தது. "ஆனா அவர் இங்க இருந்தாரே. திரும்ப வரவைக்க முடியுமா?"

அக்கா நெடுநேரம் யோசித்தார். பிறகு மூன்று நிபந்தனை வைத்தார். ஒன்று, எந்த வீட்டுத் துணி எங்கே வரும் என்பதை அவர் மட்டுமே முடிவு செய்வார். இரண்டு, யார் வாயிலும் சதவீதம் என்ற வார்த்தை வரக் கூடாது. மூன்று, 'துணிகளை முதலிலேயே துவைத்திருக்க வேண்டும். சுருக்கக்கா சொன்னது சரி' என்று குறிப்பேட்டில் ஏற வேண்டும். ஒரு கைகூடக் கீழே இல்லை. நாத்தனார் அந்த வரியை எழுதி, யாரும் சொல்லாமலே இரண்டு தடவை அடிக்கோடு போட்டாள்.

அதற்குப் பிறகுதான் அக்காவை நான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடமாக, சுருங்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது எங்கே எவ்வளவு சுருங்கினால் ஒரு மனிதர் உட்காருவார் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். கணவரை நடு வீட்டில் தரையில் உட்காரவைத்து, மடிப்பு எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் குறித்தார். "முழங்காலுக்குப் பின்னாடி சுருங்கணும். முன்னாடி சுருங்கவே கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாடிப்படி ஏறினார். வீடு வீடாகப் போய், துவைக்காத துணியாகக் கேட்டார். பல் டாக்டர் கோட்டின் மிச்சத்தை ஹேங்கரோடு கொண்டுவந்து நீட்டினார்.

"கழுத்துக்கு இது போதுமா? கையையும் வேணும்னா வெட்டிக்கோங்க."

முதல் முயற்சி சலவையிலிருந்து முக்காலியாகத் திரும்பி வந்தது. நல்ல முக்காலி. செயலாளர் அதன்மேல் உட்கார்ந்தே பார்த்தார். இரண்டாவது, குப்புற விழுந்து கிடக்கிற ஆள். கார் அம்மா அதைப் பார்த்ததும் அலறிக்கொண்டு தண்ணீர் எடுக்க ஓடினார். பல் டாக்டர் தன்னையறியாமல் நாடி பார்த்தார். அதை அன்றைக்கே பிரித்துவிட்டோம். குழந்தைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் பிரித்தாக வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார்.

மூன்றாவது முறை சலவை வண்டி வந்தபோது ஹாலில் நிற்க இடமில்லை. அதே இரண்டு ஆட்கள்தான் தூக்கி வந்தார்கள். இந்த முறை அவர்களும் கொஞ்சம் மரியாதையாகத்தான் பிடித்திருந்தார்கள். கீழே வைத்தார்கள். உட்கார்ந்தார்.

அவரே, ஆனால் அவர் இல்லை. முன்னவர் தலையைக் குனிந்திருந்தார். இவர் நிமிர்ந்து, முகத்தைக் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்த்து வாசலைப் பார்த்தார். கழுத்துக்குக் கம்பளி கால் இன்ச் குறைந்துவிட்டதாக அக்கா முணுமுணுத்தார்.

"முன்னவர் யோசிக்கிறவர்" என்றார் தபால்காரர், சற்று நேரம் பார்த்துவிட்டு. "இவர் காது குடுத்துக் கேக்கறவர்."

அது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அக்கா மட்டும் நெருங்கிப் போய், முழங்காலின் பின்பக்கத்தை விரலால் தடவி, இழுத்துப் பார்த்து, கையிலிருந்த படிவத்தில் ஏதோ எழுதினார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ஒரு பக்கப் பல் கொஞ்சம் ஏறியிருக்கும் என்பதுகூட அன்றைக்குத்தான் தெரிந்தது.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அக்கா இப்போதும் ஆலையில் அதே மேஜையில்தான் வேலை செய்கிறார். முதலாளி இன்னமும் கெஞ்சுகிறார். கட்டடத்தில் மட்டும் புதுத்துணி எடுத்தால் யாரும் அக்காவிடம் காட்டாமல் துவைப்பதில்லை. கார் அம்மா சோபா உறை வாங்கப் போனபோது அக்காவைக் கையோடு அழைத்துக்கொண்டு போனார். திரும்பும்போது காரை அக்காவே ஓட்டிவந்தார், பக்கத்தில் கார் அம்மா பிரேக்கை மிதித்தபடி.

போன மாதம் சங்கத் தேர்தல் நடந்தது. செயலாளரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. வீட்டுக்கு ஒரு சீட்டு என்று பதினாறு சீட்டுகள் விழுந்தன. நாத்தனார் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தாள். செயலாளருக்கு ஒன்பது. ஒன்றில் எதுவும் எழுதவில்லை. மீதி ஆறிலும் ஆறு விதமான கையெழுத்தில் 'பெரியவர்' என்று இருந்தது.

செயலாளரின் முகம் விழுந்துவிட்டது. ஜெயித்த மனிதருக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் மெதுவாக நடந்து போய்ப் பெரியவரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கால்மணி நேரம் அப்படியே இருந்தார். என்ன பேசினாரோ தெரியாது, உதடு மட்டும் அசைந்தது. பிறகு முழங்காலில் கைவைத்து எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய குரலில் அறிவித்தார்.

"உறுப்பினர்கள் கவனிக்கவும். பெரியவர் முடிவை ஏத்துக்கிட்டார்."

நாத்தனார் பேனாவை எடுத்தவள், ஒரு நொடி தயங்கி அக்காவைப் பார்த்தாள்.

"அண்ணி, இதை எழுதட்டுமா?"

அக்கா பெரியவரை ஒருமுறை பார்த்தார், செயலாளரை ஒருமுறை பார்த்தார்.

"எழுது" என்றார்.